பாறை ஏறும் சப்பாத்து: வலித்தால்தான் நல்லதா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், தொழிற்சாலையில் வேலை. மாதம் இரண்டு முறை நண்பர்களோடு பத்துமலைப் பக்கம் பாறை ஏறப் போகிறேன். இதுவரை வாடகைச் சப்பாத்துதான். சொந்தமாக வாங்கலாம் என்றால், "இரண்டு சைஸ் சின்னதாக வாங்கு, வலித்தால்தான் நல்ல சப்பாத்து" என்கிறார்கள். முனை கொக்கி மாதிரி வளைந்த ஒன்றையும் காட்டுகிறார்கள். யார் பேச்சைக் கேட்பது அக்கா?

பதில்: தம்பி, முதலில் அந்த இரண்டு சைஸ் கதை. உள்ளே துணி வைத்துத் தைக்காத தோல் சப்பாத்து, போடப் போட ஒரு சைஸ் வரைக்கும் விரியும். அந்த வகைக்குச் சொன்ன பேச்சு அது. உள்துணி வைத்த தோல் அவ்வளவு விரியாது. செயற்கைத் துணியில் செய்தது ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதைச் சின்னதாக வாங்கினால் கடைசி வரை சின்னதுதான். நானும் அப்படி ஒன்றை வாங்கி, பெருவிரல் நகம் கறுத்து விழுந்த பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன். அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது சைஸ் அல்ல, எதில் செய்தது, உள்துணி உண்டா என்பதைத்தான்.

சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. விரல்கள் முனையைத் தொட்டு லேசாக மடங்கலாம். குதிகாலில் காற்று இடைவெளி இருக்கக்கூடாது. இறுக்கம் இருக்கட்டும், ஆனால் ஒரே இடத்தில் ஊசி குத்துவது போல வலித்தால் கழற்றிவிடுங்கள். கடையில் ஏறுபிடி (ஏறிப் பழகச் சுவரில் பொருத்திய கட்டை) இருந்தால் அதன் விளிம்பில் பெருவிரலால் ஏறி நின்று பாருங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பக்கம் அகலமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கால் அப்படியென்றால் சைஸைக் கூட்டாதீர்கள், குதிகால் தளர்ந்துவிடும். அகலமான வார்ப்பில் வரும் வேறு சப்பாத்தைத் தேடுங்கள். லா ஸ்போர்டிவா என்ற நிறுவனத்தின் சப்பாத்தில் ஒரு சைஸ் சரியாக இருந்தது என்று ஸ்கார்ப்பா என்ற இன்னொரு நிறுவனத்திலும் அதே எண்ணை வாங்க வேண்டாம். எண்ணுக்கு எண் ஒத்துப்போகாது.

அடுத்து அந்தக் கொக்கி முனை. தலைக்கு மேல் கவிழ்ந்து நிற்கும் பாறையிலும், கயிறில்லாமல் சின்னப் பாறைகளில் ஏறும் போல்டரிங்கிலும் பிடியைக் கால்விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் அந்த வளைவு. பத்துமலை சுண்ணாம்புப் பாறையில், நீங்கள் ஏறும் நிலையில், பெரும்பாலும் செங்குத்துச் சுவர்தான். சின்னச் சின்ன விளிம்பிலும் குழியிலும் விரலை ஊன்றி நிற்கிறீர்கள். அதற்குத் தட்டையான, அடிப்பாகம் ஓரளவு விறைப்பான சப்பாத்து போதும். உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான். சரிவான பாறையில் மட்டும் மெல்லிய, மிருதுவான அடி நல்லது, ரப்பர் பரவி ஒட்டும். என்றாவது தியோமான் தீவின் நெனேக் செமுக்குட் கருங்கல் பாறைக்குப் போனால், வெடிப்புக்குள் பாதத்தைச் செருகித் திருப்ப வேண்டிவரும். மடங்கிய விரலோடு அதைச் செய்தால் வலியில் உயிர் போகும். விரல் நீட்டி நிற்கும்படி, நாடா கட்டும் சப்பாத்துதான் அங்கே.

பழக்கும் வழி எளிது. வீட்டில் பத்து நிமிடம் போடுங்கள், கழற்றுங்கள், மறுபடி போடுங்கள். கால் நுழைய மறுத்தால் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் காலில் சுற்றிக்கொண்டால் வழுக்கி உள்ளே போகும். அப்புறம் எளிய பாதைகளில் ஏறி, ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் கழற்றிவிடுங்கள். சுடுதண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், பசை விட்டுப்போகும். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைத்தாலும் அதே கதிதான்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி முகாமில் ஏறிப் பார்த்ததிலிருந்து சப்பாத்து கேட்கிறான். வளரும் கால்தானே, பெரியதாக வாங்கிவைக்கவா?

பதில்: வேண்டாம் அம்மா. பெரிய சப்பாத்தில் கால் உள்ளே நழுவும், பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். இறுக்கிப்போடுவதும் கூடாது, வளரும் எலும்பு அது. விரல் நேராக, வசதியாக இருக்கும் தட்டையான வகை, வெல்குரோ பட்டை வைத்தது, அது போதும். இன்னும் சில மாதம் வாடகைக்கே போடச் சொல்லுங்கள். ஆசை நிலைத்தால், சுத்தமாக வைத்திருந்த பழையதை வாங்கினாலும் தப்பில்லை. பெருவிரல் பக்கத்து ரப்பர் தேய்ந்து உள்தோல் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சப்பாத்தின் அடிப்பாகம் மூன்றாவது வாரத்திலேயே பிரிந்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்கிறார் விற்றவர். அவ்வளவுதானா?

பதில்: இல்லை. சைஸ் தவறாக வாங்கியிருந்தால் மாற்றிக்கொடுப்பது கடையின் தயவு. பசை விட்டது குறைபாடு. 1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். அந்த உரிமையை ஒரு அறிவிப்பு எழுதி மாட்டி இல்லாமல் ஆக்க முடியாது. எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்று கேட்டால் சொல்வார்கள். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஏற்பார்கள், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு கிடைத்தாலும் பணம் வாங்குவது கஷ்டம். 500 ரிங்கிட்டுக்கு உட்பட்டதை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 2024 முதல் பத்து விழுக்காடு விற்பனை வரியும் சேரும் என்பதால், மலிவு என்று தெரிவது பல நேரம் அவ்வளவு மலிவும் இல்லை.

ஒன்று மட்டும், நீங்களே பசை வாங்கி ஒட்டிவிடாதீர்கள். பிரிந்த இடத்தைப் படம் எடுத்து, ரசீதோடு அப்படியே வைத்திருங்கள்.