கம்பெனி வேலையோடு பிஎச்.டி.: கேள்வி பதில்

ஆட்டோமொபைல் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி. முடித்தவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். விதி என்று நான் சொல்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பிஎச்.டி. ஒழுங்குமுறையை. ஐஐடிகளுக்குத் தனி விதிகள்.

ஓசூர் வாசகர்: அக்கா, அலுமினியம் டை காஸ்டிங் (உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) பிளான்ட்டில் குவாலிட்டி இன்ஜினீயராக இருக்கிறேன். போரோசிட்டியால் (வார்ப்பில் விழும் சிறு துளைகளால்) ரிஜெக்‌ஷன் அதிகம். அதைக் குறைப்பதையே தலைப்பாக எடுக்கச் சொல்கிறார் மேனேஜர். சரிவருமா?

அப்படியே எடுத்தால் சரிவராது தம்பி. ரிஜெக்‌ஷனைக் குறைப்பது பிளான்ட்டின் அன்றாட வேலை. குறைந்ததும் எல்லாரும் அடுத்த பிரச்சினைக்குப் போய்விடுவார்கள், ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். தீசிஸை (ஆய்வேட்டை) மதிப்பிடும் தேர்வாளர் அதைத்தான் கேட்பார்.

உங்கள் காஸ்டிங்கில் இருக்கும் துளை காற்று சிக்கியதால் வந்ததா, உலோகம் உறையும்போது சுருங்கியதால் வந்ததா? உலோகத்தைத் தள்ளும் பிளஞ்சர் முதல் கட்டத்தில் நகரும்போது, உலோகம் ஊற்றப்படும் குழாயான ஷாட் ஸ்லீவில் அலை எழுந்து காற்றை மூடிக்கொள்ளும். அந்த வேகம், ஸ்லீவ் நிரம்பியிருக்கும் அளவு, துளையின் அளவு, இந்த மூன்றுக்கும் என்ன தொடர்பு? மெஷின் ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒவ்வொரு முறை வார்க்கும்போதும்) பதிவு செய்யும் வேக, அழுத்த வளைவுகளைப் பார்த்தே எந்தக் காஸ்டிங் கெடும் என்று சொல்லிவிட முடியுமா? இப்படிக் கேட்டால் பதில் உங்கள் பிளான்ட்டுக்கு வெளியேயும் உதவும். இந்த விஷயத்தில் ஏற்கெனவே நிறைய பேப்பர்கள் (ஆய்வுக் கட்டுரைகள்) உண்டு, முதலில் அவற்றைப் படியுங்கள். ஆனால் ஓடுகிற பிளான்ட்டின் ஆயிரக்கணக்கான ஷாட்டுகளின் தரவு எந்தக் கல்லூரி லேபிலும் கிடைக்காது. உங்கள் பலமே அதுதான்.

கோவை வாசகர்: பேப்பர் போடக் கம்பெனி சம்மதிக்கவில்லை. ரகசியம் என்கிறார்கள்.

பேப்பர் கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். உண்மையான சிக்கல் தீசிஸில்தான் வரும். பட்டம் அறிவிக்கும் முன் அதன் மென்பிரதி, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் யுஜிசியின் இன்ஃப்லிப்நெட் மையத்துக்குப் போயாக வேண்டும். அப்புறம் அதன் சோத்கங்கா இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இது தெரியாமல் அனுமதி கொடுத்த கம்பெனி கடைசி வருடத்தில் விழித்துக்கொள்ளும், மாட்டிக்கொள்வது மாணவர்.

அதனால் பதிவு செய்யும் முன்பே கம்பெனியும் பல்கலைக்கழகமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். காப்புரிமை யாருக்கு, எந்த எண்களை மறைக்கலாம், வரைவைக் கம்பெனி எத்தனை நாளில் பார்த்துத் தர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நாள் கணக்கை எழுதாவிட்டால் ‘லீகல் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்றே ஒரு வருடம் ஓடிவிடும். லீகல்காரர்களிடம் உட்கார்ந்து பேசினால், அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் கஸ்டமர் பெயருக்கும் நாலைந்து எண்களுக்கும்தான். நேரடி எண்ணுக்குப் பதில் விகிதமாகக் கொடுத்தால் தீர்ந்தது.

காப்புரிமைக்கு உரிய விஷயம் இருந்தால் விண்ணப்பம் முதலில், பேப்பர் பிறகு. வெளியிட்டபின் விண்ணப்பித்தால் புதுமை இல்லை என்று தள்ளிவிடுவார்கள். தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டால், முழு விவரக்குறிப்பைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும்.

சென்னை வாசகர்: பிஎச்.டி. சேரக் கம்பெனியிடம் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) கேட்டால் எச்ஆர் ‘பார்க்கலாம்’ என்கிறார். அதில் என்ன இருக்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் உண்டு என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் (ஆய்வுக்கு முன் படிக்கும் பாடங்கள்) முடிக்க விடுவிப்பார்கள் என்ற உறுதி. மூன்றாவதில்தான் எச்ஆர் தயங்குவார். கோர்ஸ் வொர்க் 12 முதல் 16 கிரெடிட் வரைதான் என்று சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். கடிதத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

திருச்சி வாசகி: வயது 44, இரண்டு பிள்ளைகள். எவ்வளவு காலம் கொடுப்பார்கள்?

குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2, ஆக மொத்தம் 10 வரை போகலாம். ஆனால் அதை நம்பி மெதுவாகப் போகாதீர்கள். நடுவில் மேனேஜர் மாறுவார், அந்த புராஜெக்ட்டே மூடப்படும்.

மதுரை வாசகர்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைனிலேயே பிஎச்.டி. என்று விளம்பரம் வருகிறதே?

வேண்டாம். யுஜிசியும், தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே சேர்ந்து எச்சரித்துவிட்டன, அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் இல்லை.

வேலூர் வாசகர்: எம்.டெக். கடைசி வருடம். ஐரோப்பாவில் இண்டஸ்ட்ரியல் பிஎச்.டி.க்கு எப்படி விண்ணப்பிப்பது?

வேலை தேடுவது போலத் தேடுங்கள். பிரான்சில் 1981 முதல் இருக்கும் சிஃப்ர் திட்டத்தில் கம்பெனிதான் உங்களை ஊழியராக எடுக்கும். ஆய்வகத்தோடு ஒப்பந்தம் போடும், 3 ஆண்டுக்கு அரசு மானியம் கம்பெனிக்குப் போகும். டென்மார்க்கிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். ஆகவே பல்கலைக்கழகத் தளங்களோடு கம்பெனிகளின் வேலைவாய்ப்புப் பக்கங்களையும் பாருங்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போல எழுதாதீர்கள். அவர்கள் பிரச்சினையில் உங்களால் என்ன செய்ய முடியும் என்று எழுதுங்கள்.

ஓசூர் வாசகர் மறுபடியும்: நடுவில் வேலை மாறினால்?

பதிவு உங்கள் பெயரில் இருக்கும், தரவு பழைய கம்பெனியிடமே நின்றுவிடும். புது இடத்தில் என்ஓசி மறுபடி வாங்க வேண்டும். மாறியே ஆக வேண்டும் என்றால் தரவு சேகரிப்பை முடித்து, அதைத் தீசிஸில் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மாறுங்கள்.