மைக் ரிஸ்ஸோவின் 16 வருடக் கணக்கு: நேஷனல்ஸ் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் ஜெனரல் மேனேஜர் (ஜிஎம், அணிக்கு ஆள் சேர்ப்பவர்) பொறுப்பை மைக் ரிஸ்ஸோ 2009 மார்ச்சில் ஏற்றார். 2025 ஜூலையில் நீக்கப்பட்டார். இடையில் 2019இல் ஒரு வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) கோப்பை. அதற்குப் பிறகு ஒரு சீசனில்கூட பாதி ஆட்டங்களை ஜெயிக்கவில்லை. அவருடைய டிராஃப்ட் (புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது), டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது), ஒப்பந்தங்களை எப்படி எடை போடுவது என்று பலரும் கேட்டிருந்தார்கள். கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

கேள்வி: அண்ணா, ஒரு ஜிஎம்மை எதை வைத்து மதிப்பிடுவது? கோப்பை ஜெயித்தால் கெட்டிக்காரர், தோற்றால் மோசம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள்.

முதலில் அவர் கையில் இருக்கும் சரக்கு என்ன என்று பாருங்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு வரும் ஒரு வீரர் பொதுவாக ஆறு சீசன் அந்த அணியிடமே இருப்பார். முதல் மூன்று வருடம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அடுத்த மூன்றில் ஆர்பிட்ரேஷன் (சம்பளத்தை நடுவர் தீர்மானிக்கும் முறை) மூலம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதன் பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, கேட்ட விலைக்குப் போவார். அந்த ஆறு மலிவான வருடங்கள்தான் ஜிஎம்முடைய உண்மையான செல்வம். நல்ல டிராஃப்ட் அதைச் சம்பாதித்துத் தருகிறது. டிரேட் அதைக் கைமாற்றுகிறது. பெரிய ஒப்பந்தம் என்பது அது இல்லாத இடத்தைச் சந்தை விலை கொடுத்து நிரப்புவது.

அடுத்தது, முடிவெடுத்த அன்று என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து வந்த காயத்தை வைத்து அன்றைய முடிவுக்கு மார்க் குறைப்பது நியாயமில்லை. ஆனால் அந்தக் காயம் வரும் என்பதற்கு அன்றே அறிகுறி இருந்திருந்தால் குறைக்கத்தான் வேண்டும்.

கேள்வி: டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரிதானே?

இல்லை. ஏலத்தில் யார் வேண்டுமானாலும் யாருக்கும் விலை கேட்கலாம். டிராஃப்டில் அணிகள் வரிசையாக ஆள் எடுக்கும், எடுத்த அணியோடு மட்டுமே அந்த வீரர் பேச முடியும். மோசமாக ஆடிய அணிக்கு முன்னுரிமை. 2023 முதல் முன்வரிசை இடங்களுக்குக் குலுக்கல் வந்துவிட்டது. அதில் நேஷனல்ஸுக்கு அடியும் விழுந்தது. 2022இல் 107 தோல்வியோடு லீகிலேயே கடைசியில் முடித்தும் முதல் இடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போனது. அவர்கள் பால் ஸ்கீன்ஸை எடுத்தார்கள், நேஷனல்ஸ் இரண்டாவதாக டிலன் க்ரூஸை எடுத்தது. இதில் ரிஸ்ஸோவைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

கேள்வி: ஸ்ட்ராஸ்பர்க், ஹார்ப்பர் இருவரும் டிராஃப்டின் முதல் இடத்தில் கிடைத்தவர்கள். அந்த இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்களைத்தான் எடுத்திருப்பார்கள். இதில் ரிஸ்ஸோவுக்கு என்ன பெருமை, சார்?

தேர்வுக்காகப் பெரிய பெருமை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 2009இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க், 2010இல் பிரைஸ் ஹார்ப்பர் என்பது ஊரறிந்த விஷயம். அவர்களைக் கையெழுத்துப் போட வைத்ததற்குக் கொஞ்சம் மார்க் தரலாம். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 1.51 கோடி டாலர், அன்றைக்கு டிராஃப்ட் வரலாற்றிலேயே பெரிய தொகை.

ரிஸ்ஸோவின் கைவண்ணம் தெரிவது அடுத்த வருடங்களில்தான். அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது: காயத்தாலோ வேறு காரணத்தாலோ வரிசையில் கீழே சரிந்த திறமைசாலியைத் தூக்கிக்கொள்வார். 2011இல் அந்தோனி ரெண்டோன் அப்படித்தான் ஆறாவது இடத்தில் கிடைத்தார், தோள்பட்டைக் காயம் மற்ற அணிகளைப் பயமுறுத்தியிருந்தது. 2012இல் 16ஆவது இடத்தில் லூகாஸ் ஜியோலிடோ, முழங்கையில் சிக்கல். 2014இல் எரிக் ஃபெட்டி, டிராஃப்டுக்குச் சில நாள் முன்புதான் முழங்கையில் அறுவை சிகிச்சை. 2017இல் செத் ரொமேரோ, கல்லூரி அணியிலிருந்தே விலக்கப்பட்டவர். 2018இல் மேசன் டெனாபர்க், அவருக்கும் கையில் வலி.

முதல் இரண்டும் நல்ல பலன் தந்தன. ஃபெட்டி வாஷிங்டனில் சுமாராகவே ஆடினார், பிறகு கொரியா போய்த்தான் தேறினார். ரொமேரோ நிலைக்கவில்லை, டெனாபர்க் மேஜர் லீகை எட்டவே இல்லை. உடம்பு தேறிய பின் பெரிய வீரர் ஆவார் என்று நம்பி எடுப்பது வருடத்துக்கு ஒரே ஒரு முதல் சுற்று வாய்ப்பை வைத்து ஆடும் ஆட்டம். அதை வருடா வருடம் ஆடினால் மைனர் லீக் (வளரும் வீரர்கள் ஆடும் கீழ்மட்டம்) காலியாகிவிடும். 2016இல் எடுத்த கார்ட்டர் கீபூமும் ரெண்டோன் போன இடத்தை நிரப்பவில்லை. 2020க்குப் பிறகு அணி சரிந்ததற்கு மற்ற எதையும் விட இதுதான் பெரிய காரணம் என்பது என் முடிவு. 2022இல் ஐந்தாவது இடத்தில் எடுத்த எலைஜா கிரீன் மைனர் லீகில் பந்தைத் தொடவே திணறியது அதே கதையின் தொடர்ச்சி.

கேள்வி: அவருடைய சிறந்த டிரேட் எது?

ட்ரே டர்னர், சந்தேகமே இல்லை. 2014 டிசம்பரில் சான் டியாகோ, டாம்பா பே, வாஷிங்டன் மூன்றும் சேர்ந்து செய்த டிரேட் அது. வாஷிங்டன் கொடுத்ததில் முக்கியமானவர் ஸ்டீவன் சௌசா. அவுட்ஃபீல்டில் இடமில்லாமல் இருந்தவர், ஆனால் அந்த செப்டம்பரில் ஜோர்டன் ஜிம்மர்மேனின் நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) பாய்ந்து பிடித்த கேட்ச்சால் காப்பாற்றியவர். பெயர் உச்சத்தில் இருந்தபோது அவரை விற்றார்கள். பதிலுக்கு ஜோ ராஸ், கூடவே ‘பெயர் பிறகு அறிவிக்கப்படும்’ வீரர் ஒருவர். அவர்தான் டர்னர்.

டிராஃப்டில் எடுத்தவரை ஒரு வருடத்துக்குள் டிரேட் செய்யக் கூடாது என்பது அன்றைய விதி. டர்னரை 2014 ஜூனில்தான் சான் டியாகோ எடுத்திருந்தது. அதனால் வாஷிங்டனுக்குப் போகப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தும் 2015 ஜூன் வரை சான் டியாகோவின் மைனர் லீக் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். இந்தக் கூத்துக்குப் பிறகு விதியையே மாற்றிவிட்டார்கள்.

அடுத்து 2010இல் வில்சன் ராமோஸ். மினசோட்டாவில் அதே இடத்தில் ஜோ மௌர் இருக்கும்வரை கேட்ச்சரான ராமோஸுக்கு வழியே இல்லை. ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்த மேட் கேப்ஸைப் பாதி சீசன் பயன்படுத்திவிட்டு, கேப்ஸைக் கொடுத்து ராமோஸை வாங்கினார் ரிஸ்ஸோ. பலரும் மறந்துவிட்ட அருமையான வேலை.

கேள்வி: ஜியோலிடோவைக் கொடுத்து ஆடம் ஈட்டனை வாங்கியது ஏமாந்ததுதானே?

கொடுத்தது அதிகம்தான். ஜியோலிடோ, ரெய்னால்டோ லோபஸ், டேன் டன்னிங் என்று மூன்று பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்). ஆனால் ஈட்டனிடம் ஐந்து வருட மலிவு ஒப்பந்தம் இருந்தது, அதனால் விலை ஏறியது. முதல் சீசனின் ஏப்ரலிலேயே முழங்கால் போய்விட்டது. ஜியோலிடோவும் உடனே ஜொலிக்கவில்லை, 2018இல் மிக மோசமாக அடி வாங்கினார். 2019இல்தான் ஆல்-ஸ்டார் (சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். அந்த அக்டோபரில் ஈட்டன் வேர்ல்ட் சீரிஸில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். வாஷிங்டனுக்குக் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவுதான்.

2017 ஜூலையில் ஜெசுஸ் லுசார்டோவை ஓக்லாண்டுக்குக் கொடுத்து ஷான் டூலிட்டிலையும் ரயன் மேட்சனையும் வாங்கியதும் இதே வகை. வருங்காலத்தை விற்று நிகழ்காலத்தை வாங்கினார். 2019இல் டூலிட்டில் 29 ஆட்டங்களில் கடைசியில் பந்து வீசி வெற்றியைக் காப்பாற்றியதை மறக்கக் கூடாது.

கேள்வி: ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 24.5 கோடி டாலர்! இதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

நியாயப்படுத்த மாட்டேன். 2019 டிசம்பரில் ஏழு வருடத்துக்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் தொடக்கப் பிட்சராக இறங்கிய ஆட்டங்கள் மொத்தம் எட்டு. மனிதர் மேல் குறையில்லை. அந்த 2019 சீசனில் 209 இன்னிங்ஸ் வீசி, அதற்கு மேல் பிளேஆஃபில் 36 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, வேர்ல்ட் சீரிஸ் எம்விபி (தொடரின் சிறந்த வீரர்) விருது வாங்கி, தன் கையையே அணிக்குக் கொடுத்தவர். அவருக்கு நன்றி சொல்லாமல் இதைப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் ஜிஎம்முடைய கணக்கு வேறு. வயது 31, 2010இலேயே முழங்கை அறுவை சிகிச்சை, அதன் பிறகும் அடிக்கடி காயம், போதாததற்கு அந்த வருடச் சுமை. அறிகுறிகள் எல்லாம் கண்ணெதிரே இருந்தன. அதே சமயம் ரெண்டோனும் ஃப்ரீ ஏஜென்ட். இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று உரிமையாளர் மார்க் லெர்னர் வெளிப்படையாகவே சொன்னார். ரெண்டோன் அதே ஏழு வருடம், அதே 24.5 கோடிக்கு ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். அங்கே ஒரு சீசனில்கூட 60 ஆட்டம் ஆடவில்லை. ஆக, யாரை வைத்திருந்தாலும் பணம் போயிருக்கும். இருவரையும் விட்டிருக்க வேண்டும். கோப்பை வென்ற கையோடு எந்த உரிமையாளர் அதற்குச் சம்மதிப்பார்?

கேள்வி: ஷெர்சர், கார்பின் இருவரையும் ஒப்பிடுங்கள்.

மேக்ஸ் ஷெர்சர், 2015 ஜனவரி, ஏழு வருடம், 21 கோடி, அதில் பாதி பிற்காலத்தில் தருவதாகப் பேச்சு. இரண்டு சை யங் (சீசனின் சிறந்த பிட்சர்) விருது, ஒரே சீசனில் இரண்டு நோ-ஹிட்டர். பிட்சருக்கு எழுதப்பட்ட நீண்ட ஒப்பந்தங்களில் இதைவிடச் சிறந்தது ஒன்றோ இரண்டோ இருக்கலாம்.

பேட்ரிக் கார்பின், ஆறு வருடம், 14 கோடி. 2019இல் 202 இன்னிங்ஸ், வேர்ல்ட் சீரிஸின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசி வெற்றிக் கணக்கைத் தன் பெயரில் எழுதினார். பிறகு சரிவு, 2022இல் 19 தோல்வி. ஆனாலும் ஒரு கோப்பைக்கு நேரடியாகக் காரணமான ஒப்பந்தம். நான் பாஸ் மார்க் போடுவேன்.

கேள்வி: தம்பி, 2019 கோப்பையில் சின்னச் சின்ன ஆட்களின் பங்கை யாரும் பேசுவதில்லையே?

நீங்கள் கேட்டதில் சந்தோஷம், ஐயா. 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்த அணி அது. ஜெரார்டோ பாரா, அஸ்ட்ரூபல் கப்ரேரா இருவரும் வேறு அணிகள் கைவிட்டு நடுச்சீசனில் வந்தவர்கள். டேனியல் ஹட்சனை ஜூலை 31இல் டொராண்டோவிடமிருந்து ஒரே ஒரு மைனர் லீக் வீரருக்கு வாங்கினார்கள். வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட் எடுத்தவர் அவர்தான். ஹௌவி கெண்ட்ரிக் இரண்டு வருடம், 70 லட்சம் டாலர். பிளேஆஃபில் டாட்ஜர்ஸை வீழ்த்திய கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அவருடையது, ஏழாவது ஆட்டத்தில் ஃபௌல் கம்பத்தில் பட்ட ஹோம் ரன்னும் அவருடையது.

கேள்வி: சோட்டோவை விற்றதற்கு என்ன மார்க்?

ஹுவான் சோட்டோ டிராஃப்டில் வந்தவர் இல்லை. 2015இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து 16 வயதில் 15 லட்சம் டாலருக்குச் சேர்த்தவர். ரிஸ்ஸோ காலத்தின் மிகச் சிறந்த கண்டெடுப்பு. 2022இல் 15 வருடம், 44 கோடியை அவர் மறுத்தார். உரிமையாளர்கள் அணியை விற்பது பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. கையில் இருந்தது இன்னும் இரண்டரை சீசன். மெட்ஸ் அணி பிறகு அவருக்கு 76.5 கோடி கொடுத்ததைப் பார்த்தால், அவரை வைத்துக்கொள்வது நடக்கிற காரியமில்லை.

அதனால் அந்த வருடமே அவரை டிரேட் செய்தார்கள். பதிலுக்கு வந்தவர்களில் சி.ஜே. ஏப்ரம்ஸ் 2024இலும், மெக்கென்சி கோர், ஜேம்ஸ் வுட் இருவரும் 2025இலும் ஆல்-ஸ்டார் ஆனார்கள். ஒரே டிரேடில் மூன்று ஆல்-ஸ்டார் கிடைப்பது அபூர்வம். 2021இல் ஷெர்சரையும் டர்னரையும் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து வாங்கிய கீபர்ட் ரூயிஸ், ஜோசையா கிரே ஆகியோரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். முழு மார்க் போட மட்டும் அவசரப்பட மாட்டேன். வுட் 2024 ஜூலையில்தான் மேஜர் லீகுக்கு வந்தார், அவருடைய ஆறு வருடத்தில் பெரும்பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது.