பஸ் வளைவில் நம்மைத் தள்ளுவது யார்?

கேள்வி: பஸ் திரும்பும்போது வெளிப்பக்கமாக இழுக்கிறதே, அந்த மையவிலக்கு விசையைப் புத்தகத்தில் போலி விசை என்கிறார்கள். உடம்பில் தெரிவது எப்படிப் போலியாகும்?

பதினொன்றாம் வகுப்பில் நானும் இதே இடத்தில்தான் சிக்கினேன். பரீட்சையில் மையநோக்கு விசை உள்ளே, மையவிலக்கு விசை வெளியே, இரண்டும் சமம் என்று படம் போட்டேன். சிவப்பு மையில் அடித்துவிட்டார் ஆசிரியர். இரண்டும் சமமானால் நிகர விசை சுழி. அப்புறம் எதற்காக வளைந்து போக வேண்டும், நேராகவே போகலாமே? இது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது கொல்லிமலை ஏறும்போது. காரவள்ளிக்கு மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்து நின்றேன். வளைவுக்கு வளைவு கை இறுகியது. மேல் கம்பியில் யாரோ மாட்டியிருந்த ஒயர் கூடை, வலதுபக்கம் திரும்பினால் இடதுபக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. 10 மீட்டர் ஆரம், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் கூடை சுமார் 10 டிகிரி சாயும். 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு 10 கிலோ மூட்டையைத் தாங்குகிற அளவு இழுப்பு கையில் தெரியும்.

இப்போது வளைவோரத்தில் நிற்பவர் கண்ணால் பாருங்கள். என்னை யாரும் வெளியே தள்ளவில்லை. என் உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் உள்பக்கம் திரும்புகிறது, கம்பி என்னையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. கையில் தெரிந்தது அந்தக் கம்பியின் இழுப்பு. அது நிஜம், ஆனால் அதன் திசை உள்நோக்கி!

பஸ்ஸுக்குள் இருப்பவர் கணக்கு வேறு. கம்பி இழுக்கிறது, ஆனால் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். நியூட்டன் விதி பொருந்த வேண்டுமானால் வெளிப்பக்கமாக அதே அளவு ஒரு விசையைச் சேர்த்தே ஆக வேண்டும். அதுதான் மையவிலக்கு விசை. இந்தக் கணக்கும் சரிதான். இரண்டு கணக்கையும் ஒரே படத்தில் கலந்தது என் தவறு. இன்றும் நிறையப் பிள்ளைகள் அங்கேதான் வழுக்குகிறார்கள்.

விசை என்று எதை எழுதினாலும் 'கொடுப்பது யார்?' என்று கேளுங்கள். கயிறு, தரை, பூமி, காந்தம் என்று பெயர் சொல்ல முடிந்தால் நிஜ விசை. மையவிலக்கு விசைக்குக் கொடுப்பவரும் இல்லை, அதற்கான எதிர்விசையும் இல்லை. இப்படி ஆள் இல்லாத விசை எதையும் சேர்க்காமலே கணக்கு சரியாக வருகிற இடம்தான் நிலைமக் குறிப்பாயம்.

அப்படியானால் நாம் நிற்கும் தரை? 1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைக் கட்டி ஆடவிட்டார். குண்டின்மேல் செயல்படுவது கம்பியின் இழுவிசையும் பூமியின் ஈர்ப்பும்தான். இரண்டுக்குமே ஆடும் தளத்தை, அதாவது குண்டு போய்வரும் திசையை, திருப்பும் வலு இல்லை. ஆனாலும் தளம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது. திருப்பியவர் யாரும் இல்லை. கீழே தரைதான் சுழல்கிறது. அதனால் தரையும் கண்டிப்பாகப் பார்த்தால் நிலைமக் குறிப்பாயம் இல்லை. டெல்லியின் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் இப்படியொரு ஊசல் தொங்குகிறது, அதன் தளம் ஒரு முழுச் சுற்று திரும்ப ஏறக்குறைய 50 மணி நேரம். அதையே நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் சென்னையில் தொங்கவிட்டால் சுமார் 106 மணி நேரம் ஆகும். நிலநடுக்கோட்டிலோ தளம் திரும்பவே திரும்பாது.