கத்தி உங்களுடையது, பிளேடு யாருடையது?

அன்புள்ள ஐயா,

கப்பலூரில் சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகப் பித்தளையில் ஷேவிங் செட் கடைந்து, முலாம் பூசி ஆன்லைனில் விற்கிறேன். மாதம் 40, 50 போகிறது. வாங்குகிறவர்களில் சிலர், ஜப்பான் ஃபெதர் கம்பெனியின் ஒருபக்க பிளேடுக்கு (ஏசி பிளேடு என்பார்கள்) ஒரு ரேசர் செய்து தரச் சொல்கிறார்கள். ஆள் குறைவு, ஆனால் என்ன விலை சொன்னாலும் தருவார்கள். கடன் வாங்கி இறங்கலாமா?

வாசகர், கப்பலூர்

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டாம். அதுவும் கடன் வாங்கி, வேண்டவே வேண்டாம்.

அந்த பிளேடில் குறை இல்லை. ஜப்பானில் சலூன்காரர்களுக்காக வந்தது, நம் இருபக்க பிளேடைவிடத் தடிமன், வளையாது, அருமையாக மழிக்கும். ஆனால் உங்கள் ரேசர் இன்றைக்கு ஏன் விற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வாங்கியவர் உசிலம்பட்டியில் இருந்தாலும் சரி, மேலூரில் இருந்தாலும் சரி, தெருமுனைப் பெட்டிக்கடையில் எந்தக் கம்பெனி பிளேடை வாங்கினாலும் உங்கள் ரேசரில் கச்சிதமாக உட்காரும். இந்த வசதி சும்மா வந்ததில்லை. ஜில்லெட் 1903-இல் விற்றது மொத்தமே 51 ரேசரும் 168 பிளேடும்தான், அடுத்த வருடம் காப்புரிமை கிடைத்தது, வியாபாரமும் பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் காப்புரிமை 1921-இல் முடிந்ததும் மற்றவர்களும் அதே அளவில் பிளேடு போட ஆரம்பித்தார்கள், வழக்கும் சண்டையுமாகப் போய் 1930-இல் ஜில்லெட்டே போட்டிக் கம்பெனியான ஆட்டோஸ்டிராப்போடு சேர வேண்டியதாயிற்று. கடைசியில் நடுவில் நீளமாகத் துளை போட்ட பிளேடு எல்லாருக்கும் பொது என்றாகிவிட்டது. அந்தப் பொதுவுடைமையின் மேல்தான் உங்கள் பட்டறை நிற்கிறது தம்பி.

ஏசி பிளேடுக்குப் போனால் அதை விட்டு இறங்குகிறீர்கள். பிளேடு கப்பலில் வர வேண்டும், விலை ஏறலாம், வராமலே போகலாம், அன்றைக்கு உங்களிடம் ரேசர் வாங்கியவர் திட்டப்போவது ஜப்பான்காரரை இல்லை. என்ன விலையும் தருவேன் என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தருவார்கள். ஒருமுறை. வெட்டுக்காயம் படாமல் பத்து வருடம் உழைக்கிற மாதிரி பித்தளையில் நீங்கள் செய்து கொடுத்தால் இரண்டாவது எதற்கு வாங்கப்போகிறார்?

சின்னச் சந்தைக்குத்தான் போக வேண்டும் என்றால் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போடுகிறார்களே, அவர்கள் கையில் இருக்கும் கத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கூர்ந்து பார்க்க நேர்ந்தது என் மகனுக்கு அழகர்கோவிலில் முடியிறக்கியபோது. மொட்டை போட்டவர் பிளேடைக் காகிதத்தோடு மடக்கி நடுவில் டக்கென்று ஒடித்தார், ஒரு பாதியைக் கத்தியில் செருகினார், மறு பாதியை அடுத்த தலைக்கு என்று ஓரமாக வைத்தார். உச்சியிலிருந்து நெற்றிக்கு அழகாக இறங்கிய கை, காதுக்குப் பின்னால் வரும்போது பிளேடின் ஒரு முனை லேசாக வெளியே தள்ளி, பிள்ளைக்குக் கீறிவிட்டது. சந்தனம் தடவியும் ரத்தம் நிற்க நேரமானது. அவர் பதறிப்போய்க் கத்தியைப் பிரித்துக் காட்டினார்: "உள்ள பிளேடு ஆடுதுண்ணே, பாருங்க." ஆடத்தான் செய்தது. மெல்லிய தகட்டை மடித்துச் செய்தது, பிடிமானம் தளர்ந்து, திருகாணி துருவேறிக் கிடந்தது. கைப்பிடி பிளாஸ்டிக், ஈரக்கையில் வழுக்கும். நாள் முழுக்க அதை வைத்துத்தான் பச்சைக் குழந்தை தலையிலிருந்து பாட்டி தலை வரைக்கும் மழிக்கிறார். கை சுத்தமான கை, கருவிதான் மோசம். எனக்கு இன்றும் அது மனசில் கிடக்கிறது.

இதை நீங்கள் செய்யலாம். பாதி பிளேடு இரண்டு முனையிலும் அசையாமல் பிடிக்கிற பித்தளைக் கத்தி. துருப்பிடிக்காது. பிளேடு 0.1 மில்லிமீட்டர்தான், அதற்கான இடுக்கை ஒரே சீராக எடுப்பது லேத்தில் பழகிய கைக்கு முடியும், உங்கள் ரேசர் தலையிலேயே அதைத்தானே செய்கிறீர்கள்.

விலைதான் இடிக்கும், தெரியும். சலூன்காரர் ஆன்லைன் விலை தரமாட்டார். 2010-இல் ஜில்லெட் இந்தியாவுக்கென்றே 'கார்டு' (Guard) என்ற ரேசரை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள், மாற்று பிளேடு 5 ரூபாய். அதற்கு முன்னால் நம் ஊர் ஆட்கள் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து மழிப்பதை நேரில் வந்து பார்த்தார்கள், குழாய்த் தண்ணீரில் அலசுகிற ரேசர் இங்கே முடி அடைத்துக்கொள்ளும் என்று அப்போதுதான் புரிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே வந்து பார்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு டவுன் பஸ் போதும். முலாமை விட்டுவிடுங்கள், பெட்டி வேண்டாம், பளபளப்பு வேண்டாம், அப்புறம் என்ன விலைக்கு வருகிறதென்று பாருங்கள்.

முதலில் ஐந்தே ஐந்து கடையுங்கள். தெரிந்த சலூன்களில் காசு வாங்காமல் கொடுத்து ஒரு மாதம் விடுங்கள். கைப்பிடி கனமாக இருக்கிறது என்று கட்டாயம் சொல்வார்கள், பித்தளை கனம்தான், அதை உள்ளே குடைந்து எடுக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆடியில் அழகர்கோவில் போகிறேன், அதற்குள் ஒன்று தயாரானால் எழுதுங்கள், கையோடு கொண்டுபோய் அந்த அண்ணனிடமே கொடுத்துப் பார்க்கிறேன்.