வீட்டில் செய்த கேக், பிஸ்கட்டைப் பரிசாக வாங்கிச் சாப்பிடலாமா? – கேள்வி பதில்

உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வீட்டில் கேக், ரொட்டி, பிஸ்கட் செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது என் விருப்பம். வந்த கேள்விகளில் பாதி கொடுப்பவர்களுடையது, பாதி வாங்குபவர்களுடையது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் ஒரு டப்பா நிறைய பிஸ்கட் செய்து கொடுத்தார்கள். அவர்கள் சமையலறையை நான் பார்த்ததே இல்லை. சாப்பிட மனசு வரவில்லை. இது தப்பா?

தப்பே இல்லை. யார் கைபட்டது, எந்தப் பாத்திரத்தில் கலந்தது என்று தெரியாத உணவைப் பார்த்துத் தயங்குவது மனிதர்களுக்கு இயல்பு. பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1986-ல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நல்ல சாக்லேட் மிட்டாயை நாய்க் கழிவின் வடிவத்தில் செய்து கொடுத்தபோது, அது வெறும் சாக்லேட் என்று தெரிந்திருந்தும் பலருக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. கிருமி நீக்கிய கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்தபோதும் அப்படித்தான். ஆபத்து இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது, மனசு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் பொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வரும் பரிசுகளில் மொறுமொறுப்பான பிஸ்கட் மிகவும் பாதுகாப்பானவற்றில் ஒன்று. கிருமி பெருக ஈரம் வேண்டும். உணவில் கிருமிக்குக் கிடைக்கும் ஈரத்தை 0 முதல் 1 வரை அளப்பார்கள். 0.85-க்குக் கீழே போனால் நோய் தரும் பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. மொறுமொறு பிஸ்கட்டில் அது 0.5-ஐக்கூடத் தொடாது. அதோடு ஓவன் சூட்டில் வெந்தும் வந்திருக்கிறது. சாப்பிடலாம். அப்படியும் மனசு வரவில்லை என்றால் விட்டுவிடலாம், அதுவும் சரிதான்.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்?

ஓவனுக்குள் போவதற்கு முன்னால் நடந்ததைவிட, வெளியே வந்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். முட்டை கலந்த உணவு உள்ளே 71 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால் முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி அழிந்துவிடும். சரியாக வெந்த கேக்கின் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதனால் வெந்த மாவைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அதன்மேல் பூசியது, உள்ளே அடைத்தது, ஆறிய பிறகு தொட்டது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பவற்றைத்தான் கேட்பேன்.

அடித்த க்ரீம், கஸ்டர்ட், க்ரீம் சீஸ் பூச்சு, பச்சை முட்டை சேர்த்த மூஸ் எல்லாம் ஈரமும் சத்தும் நிறைந்தவை. ஏறத்தாழ 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்த மாதிரிப் பண்டங்கள் அந்தச் சூட்டில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் கொளுத்தும் நாளில் 1 மணி நேரம்தான். "மொத்தமாக" என்பதை அழுத்திச் சொல்கிறேன். காரில் 40 நிமிடம், மேஜைமேல் ஒரு மணி நேரம், அப்புறம் பேசிக்கொண்டே இன்னும் அரை மணி நேரம் என்று எல்லாம் கூடிவிடும். வெண்ணெயும் நிறையச் சர்க்கரையும் மட்டும் சேர்த்து அடித்த பட்டர் க்ரீம் இவ்வளவு கறார் இல்லை, சர்க்கரையும் கொழுப்பும் கிருமிக்கு ஈரத்தை விட்டுவைப்பதில்லை.

இன்னொன்று. மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா கை வழியாக க்ரீமில் விழுந்து, அங்கே பெருகி நஞ்சு உண்டாக்கும். மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகும், அந்த நஞ்சு அழியாது. அதனால் வெளியே கிடந்த க்ரீம் பண்டத்தைச் சூடு காட்டிச் சாப்பிடலாம் என்ற யோசனை வேண்டாம். விரலில் சீழ் வைத்த காயம் இருப்பவர் பூச்சு வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: கேக் மாவு கலக்கும்போது பிள்ளைகள் கரண்டியை நக்குகிறார்கள். முட்டை சேர்க்காத மாவுதான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. முட்டையை நீக்கினாலும் கோதுமை மாவும் மைதாவும் பச்சைப் பொருள்தான். வயலிலிருந்து வந்த தானியத்தை அரைத்திருக்கிறார்கள், கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடாக்கவில்லை. 2009-ல் அமெரிக்காவில் பாக்கெட்டில் விற்ற பச்சைக் குக்கி மாவு வழியாகவும், 2016-ல் அங்கேயே சாதாரண மாவு வழியாகவும் ஆபத்தான வகை ஈ.கோலை பாக்டீரியா பரவிப் பலர் நோயுற்றார்கள். பிள்ளைகளுக்குக் கரண்டிக்குப் பதில் சூடாக வெந்து வரும் முதல் துண்டைக் கொடுங்கள்.

கண்ணாடி ஜாடியில் மாவும் சர்க்கரையும் சாக்லேட்டும் அடுக்கி, "கலந்து ஓவனில் வையுங்கள்" என்று பரிசு தருகிறவர்கள், "வேகவைக்காமல் சாப்பிட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: கொடுத்தவர் வீட்டில் மூன்று பூனைகள். சமையல் மேடையில்தான் உட்கார்ந்திருக்கும். சாப்பிடலாமா?

வெந்த பண்டத்தில் பூனையால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் ரோமம் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே மெல்லுவது சுகமான அனுபவம் இல்லை. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சாப்பிடாதீர்கள். செய்கிறவர்களுக்கு: மாவு தொடும் நேரத்திலாவது செல்லப்பிராணியை வேறு அறையில் விடுங்கள், மேடையைச் சோப்பு போட்டுத் துடையுங்கள், தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முந்தாநாள் எனக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நேற்று இரவு நின்றுவிட்டது. நாளை தோழியின் பிறந்தநாள், கேக் நான் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். சானிடைசர் போட்டுக்கொண்டு செய்யலாமா?

வேண்டாம், தயவுசெய்து. இது நோரோவைரஸாக இருந்தால் மிகக் கொஞ்சம் வைரஸே அடுத்தவரைப் படுக்க வைக்கப் போதும். ஆல்கஹால் சானிடைசர் அதன்மேல் சரியாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிறருக்கு உணவு தயாரிக்கக்கூடாது என்பது பொதுவான விதி. அதற்குப் பிறகும் சில நாள் கைகழுவுவதில் கவனம் குறையக்கூடாது. கேக் வெந்துவிடும், ஆனால் ஆறிய பிறகு வெட்டி, பூசி, அலங்கரிப்பது உங்கள் கைதானே? தோழியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் செய்து கொடுத்தால் அவர் இன்னும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

கேள்வி: அலுவலகத்தில் எல்லோருக்கும் பிஸ்கட் செய்து கொண்டுபோக ஆசை. ஒவ்வாமை பற்றி எவ்வளவு தூரம் யோசிக்க வேண்டும்?

நிறைய யோசியுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். கிருமி விஷயத்தில் ஓவன் நமக்கு உதவுகிறது, ஒவ்வாமையில் அதை நம்ப முடியாது. வேர்க்கடலையை எவ்வளவு சுட்டாலும் அதன் புரதம் ஒவ்வாமை உள்ளவரின் உடலுக்கு வேர்க்கடலைதான். பால், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பலர் நன்றாக வெந்த கேக்கைத் தாங்கிக்கொள்வார்கள் என்பது உண்மை. ஆனால் யார் தாங்குவார் என்று மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். நாம் முடிவெடுக்கும் விஷயம் இல்லை அது.

சேர்த்த எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். "நட்ஸ்" என்று பொதுவாக எழுதாமல் முந்திரியா, பாதாமா, வால்நட்டா என்று எழுதுங்கள். பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, மரக்கொட்டை வகைகள், எள் எதையும் விடாதீர்கள். எள்ளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அது கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருளானதே 2023 ஜனவரி 1 முதல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் மொத்தம் 14 பொருட்கள் உண்டு.

சேர்க்காத பொருளும் உள்ளே வரும். நேற்று வேர்க்கடலை அரைத்த மிக்ஸி, பாதாம் பிஸ்கட் வெந்த அதே தட்டு, பலமுறை பயன்படுத்திய மரக்கரண்டி எல்லாம் வழிதான். அதனால் "இந்தச் சமையலறையில் வேர்க்கடலையும் பாதாமும் உண்டு" என்ற வரியும் சீட்டில் இருக்கட்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உடலுக்கு ஆகாத சீலியாக் நோய் உள்ளவருக்கு இன்னும் கறார். குளூட்டன் இல்லாதது என்று சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். தினமும் கோதுமை மாவு பறக்கும் சமையலறையில் அதை உறுதியாகச் சொல்வது கடினம். அவருக்கு நிஜமாகவே ஏதாவது கொடுக்க ஆசையானால், அவர் வழக்கமாக வாங்கும் பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: போன வாரம் நான் கொண்டுபோன கேக்கை ஒருவர் மட்டும் தொடவே இல்லை. கேட்டும் பார்த்தேன், சிரித்து மழுப்பிவிட்டார். என் சமையல் சுத்தமில்லை என்று நினைக்கிறாரோ என்று மனசு கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆசையாகச் செய்த பொருள் அப்படியே திரும்பி வந்தால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அவர் ஏன் தொடவில்லை என்று நமக்குத் தெரியாது. சர்க்கரை நோய் இருக்கலாம், அன்று விரதமாக இருக்கலாம், முட்டையோ ஜெலட்டினோ சேர்த்தால் சாப்பிடாதவராக இருக்கலாம். உணவோடு மனப்போராட்டம் உள்ளவராகவும் இருக்கலாம், அவருக்கு நாலு பேர் முன்னால் "ஒரு துண்டுதானே" என்று கேட்பது பெரிய சோதனை. அல்லது அவருக்குப் பிறர் வீட்டுச் சமையலே ஒத்துவராமல் இருக்கலாம். இதில் எதையும் உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

தட்டை ஓரிடத்தில் வையுங்கள், பக்கத்தில் சீட்டு, எடுக்க ஓர் இடுக்கி, அப்புறம் நகர்ந்துவிடுங்கள். யார் எடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வெளியே சொல்லாமல் தயங்கும் சிலர்கூட, எழுதிய சீட்டைப் பார்த்ததும் தைரியமாக எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக் குப்பையில் போட்டால் பாவமாக இருக்கிறது.

கொடுத்தவரின் அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், பண்டத்தைச் சாப்பிடுவது வேறு விஷயம். "எனக்காக இவ்வளவு சிரமப்பட்டீர்களே, ரொம்ப நன்றி" என்பது பொய்யில்லாத வார்த்தை. சாப்பிட்டதாகவும் ருசித்ததாகவும் மட்டும் சொல்லாதீர்கள், அடுத்த முறை இரண்டு டப்பா வரும். அடிக்கடி கொடுப்பவர் என்றால் ஒருமுறை தனியாக, "நான் வெளியிலிருந்து வரும் இனிப்பு அதிகம் சாப்பிடுவதில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாத ஒவ்வாமையைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். அது உண்மையான ஒவ்வாமை உள்ளவர்களின் பேச்சையும் மற்றவர்கள் நம்பாமல் போக வைக்கும்.

உங்களுக்கே பாதுகாப்பில் சந்தேகம் வந்த பண்டத்தை வேறு யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். அதைக் குப்பையில் போடுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

கேள்வி: பழக் கேக்கில் ரம் சேர்த்திருக்கிறார்கள். வெந்தால் மது ஆவியாகிவிடும் இல்லையா?

முழுவதும் போகாது. ஒரு மணி நேரம் வெந்த பிறகும் சுமார் கால் பங்கு தங்கும். வெந்த பிறகு மேலே ஊற்றி ஊற வைத்தது என்றால் பெரும்பகுதி அப்படியே இருக்கும். மதத்துக்காக விலக்கியவர், குடியை விட்டு மீண்டு வருபவர், கர்ப்பிணி என்று பலருக்கும் இது முக்கியம். கேட்காமலே சொல்லிவிட வேண்டிய விஷயம்.

கேள்வி: கண்ணாடி ஜாடிக்குள்ளேயே கேக்கை வேகவைத்து, சூட்டோடு மூடி இறுக்கிய பரிசு வந்திருக்கிறது. மாதக்கணக்கில் கெடாதாம். அழகாக இருக்கிறது.

அழகாக இருந்தாலும் சாப்பிடாதீர்கள். போட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் விதைகள் (உறங்கிக் கிடக்கும் ஸ்போர்கள்) ஓவன் சூட்டில் கேக் வேகும்போது சாவதில்லை. கேக்கின் ஈரம், புளிப்பில்லாத தன்மை, மூடிக்குள் காற்று இல்லாத நிலை மூன்றும் சேர்ந்தால் அவை முளைத்து நஞ்சு உண்டாக்க முடியும். கெட்டுப்போனது போல மணமோ நிறமோ மாறாமலும் இருக்கலாம். ஜாடி வேண்டும் என்றால் தனியாக வெந்து ஆறிய கேக்கை அதில் போட்டு, பிரிட்ஜில் வைத்து, சில நாளில் சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்த பிஸ்கட் கொடுக்கலாமா? வெந்ததுதானே?

கூடாது. காரணம் தேனில் இருக்கக்கூடிய, ஜாடிக் கேக்கில் சொன்ன அதே போட்டுலிசம் விதைகள்தான். நாய்க்கும் நம் பண்டங்களைக் கொடுக்காதீர்கள். சாக்லேட், திராட்சை, சர்க்கரைக்குப் பதில் போடும் சைலிட்டால் எல்லாம் அதற்கு நஞ்சு.

கேள்வி: பரிசாக வந்த ரொட்டியில் ஒரு மூலையில் மட்டும் பூஞ்சை. வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

வேண்டாம். ரொட்டி, கேக் போன்ற மென்மையான பண்டத்தில் பூஞ்சையின் வேர் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். மோந்தும் பார்க்காதீர்கள். உடனே சாப்பிடப் போவதில்லை என்றால் ரொட்டியை வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரீசரில் இல்லாமல் பிரிட்ஜின் சாதாரணத் தட்டில் வைத்தால் சீக்கிரம் விறைத்துவிடும்.

கேள்வி: வெளியூரில் படிக்கும் மகளுக்கும் அவள் அறைத் தோழிகளுக்கும் தபாலில் அனுப்ப வேண்டும். எதைச் செய்வது?

மொறுமொறு பிஸ்கட், இரண்டு முறை வேகவைத்த ரஸ்க் வகை, பூச்சு இல்லாத கெட்டியான கேக் எல்லாம் நன்றாகப் போய்ச் சேரும். க்ரீம், கஸ்டர்ட், சீஸ் வேண்டாம். முழுக்க ஆறிய பிறகு மூடுங்கள். லேசான சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சைக்கு வழிவிடும். மொறுமொறுப்பையும் மெத்தென்றதையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒன்றின் ஈரம் மற்றதற்குப் போய்விடும். செய்த தேதி, சேர்த்த பொருட்கள் இரண்டையும் மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். அறைத் தோழிகளில் யாருக்கு எது ஆகாது என்று மகளிடம் இன்றைக்கே கேட்டுவிட்டு, அப்புறம் மாவு பிசையத் தொடங்குங்கள்.