‘தி பேபி’யும் ஒரு தாயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜார்ஜ்டவுன் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டு ‘தி பேபி’ படத்தைப் பார்த்தேன். அன்று தூக்கமே வரவில்லை. என் அண்ணனுக்கு 34 வயது, அறிவு வளர்ச்சி குறைவு. அம்மாதான் குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறார். கோப்பிக் கடையில் அண்ணன் தானே ‘கோப்பி ஓ’ கேட்டு வாங்கியதை அம்மா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லி மகிழ்வார். படத்தில் வளர்ந்த மகனைக் கைக்குழந்தையாகவே வைத்திருக்கும் அந்தத் தாயைப் பார்த்தபோது என் அம்மா ஞாபகம் வந்ததுதான் தாங்க முடியவில்லை. எங்கள் வீடுகளைப் பேய்வீடாகக் காட்டும் படத்தை ஏன் கொண்டாடுகிறீர்கள்?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. வளர்ந்த ஆண் வாயைத் திறக்கும்போது கைக்குழந்தையின் அழுகையை ஒலிச்சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கென்று ஒரு குரல் இல்லை, பெயர்கூட ‘பேபி’தான். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை.

ஆனாலும் 1973-இல் டெட் போஸ்ட் எடுத்த இந்தப் படத்தை என்னால் விட முடியவில்லை. திருமதி வாட்ஸ்வொர்த்தாக வரும் ரூத் ரோமன் கரகரத்த குரலில் மகனைக் கொஞ்சும்போது அந்தப் பாசம் பொய் என்று தோன்றுவதே இல்லை. அவன் பெயரில் வரும் அரசாங்கப் பணத்தில்தான் வீடு ஓடுகிறது என்பதும் உண்மை. பேபியின் சகோதரி ஆல்பா மாடு விரட்டும் மின்கோலோடு அவனிடம் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேபி நடக்கக் கூடாது, பேசக் கூடாது. அதற்குத்தான் அந்த ஷாக். அவன் வளர்ந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பிழைப்பு இல்லை.

(படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) சமூகநல ஊழியர் ஆன் அவனை மீட்டுப் படிக்க வைப்பாள் என்று கடைசிவரை நம்புகிறோம். அவளோ மாமியாரோடு சேர்ந்து அந்தத் தாயையும் மகள்களையும் ஒழித்துக்கட்டிவிட்டு, விபத்தில் மூளை பாதிக்கப்பட்டுக் குழந்தையாகிப்போன தன் கணவனுக்கு விளையாட்டுத் துணையாக அவனை வைத்துக்கொள்கிறாள். காப்பாற்ற வந்தவளுக்கும் அவன் குழந்தையாகவே இருக்க வேண்டியிருக்கிறது! வயிற்றைப் பிசைந்த இடம் எனக்கு இதுதான். அவன்மேல் அன்பு வைத்த எல்லோருக்கும் அவன் வளராமல் இருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. இவ்வளவு தைரியமாக இதைச் சொன்ன திகில் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

உங்கள் அம்மாவுக்கும் அந்தத் தாய்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஊட்டிவிடுவதை வைத்து அவரை எடை போடாதீர்கள். மகன் தானாக ஒரு கோப்பி வாங்கியதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிற தாய் அவர். வாட்ஸ்வொர்த் வீட்டில் அதற்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் ஒன்று. அம்மாவுக்கும் வயதாகிறது. பக்கத்தில் பிடிகே மையம் இருக்கிறதா என்று சமூகநலத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 1984-இல் திரெங்கானுவில் தொடங்கி இன்று நாடெங்கும் இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு மையங்கள் அவை. தானே சாப்பிட, உடுத்த, சின்னச் சின்ன வேலைகள் செய்யப் பழக்குவார்கள். ஓகேயூ அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதற்கு மனுப் போடுங்கள். போகும்போது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னென்ன பழக அவருக்கு ஆசை என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.