உட்கார்ந்து போன் எடுக்கும் வேலைக்கு எதற்குக் கூடுதல் ஓய்வூதியம்?

அமெரிக்காவில் 911 என்ற அவசர உதவி எண்ணில் அழைப்பு எடுப்பவர்கள் போலீஸ், தீயணைப்பு வீரர்கள் அளவுக்கு ஓய்வூதியம் கேட்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாரும் இந்த வேலையில் இல்லை என்று நினைக்கிறேன். இருந்திருந்தால் 'உட்கார்ந்து' என்று எழுதக் கை வந்திருக்காது.

நான் மலேசியாவில், பினாங்கில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையில் 19 வருடம் போன் எடுத்தவள். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி, ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி பிளாட்டிலிருந்து ஒரு பையன் அழைத்தான். தாத்தாவுக்கு மூச்சு இல்லை. "அக்கா, நான் என்ன செய்யணும்?" நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தச் சொன்னேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அவன் அழுது அழுது நிறுத்திவிடுவான், நான் விடாமல் ஒன்று, இரண்டு என்று கூடவே எண்ணினேன். எங்கள் வண்டியோ கீழே நின்றது. இரட்டை வரிசையில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்துவிட்டு ஒருவர் மேலே போய்விட்டார். தள்ளக்கூட முடியவில்லை. பிளாட்டில் இருப்பவர்களே, அந்த ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போங்கள், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன்.

ஆட்கள் மேலே போனதும் போன் துண்டானது. தாத்தா பிழைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த அழைப்பு பட்டர்வொர்த்தில் மோட்டார் விபத்து.

சரி, பணத்துக்கு வருகிறேன். என் அடிப்படைச் சம்பளம் 1,800 வெள்ளி (ரிங்கிட்). ஆள் பற்றாக்குறையால் ஓவர்டைம் மட்டும் சில மாதம் 900 வெள்ளி வரும். ஓய்வுக்காலத்துக்காகச் சேர்க்கும் ஊழியர் சேமநிதிக்குச் சம்பளத்தில் என் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. ஆனால் ஓவர்டைம் பணத்துக்குச் சேமநிதி கிடையாது, சட்டமே அப்படித்தான். தூங்காமல் கழித்த அத்தனை ராத்திரிக்கும் என் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை. 55 வயதில் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

போலீஸ்காரர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். என் சித்தப்பா மகனே போலீஸ்தான். 30 வருடச் சேவைக்கு, கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காடு ஓய்வூதியம் வாங்குகிறான். அவன் வெயிலிலும் மழையிலும் நின்றதற்கு அது தகும். 2024 பிப்ரவரி முதல் அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்த பலருக்கு அதுவும் இல்லை என்பது வேறு வருத்தம்.

அமெரிக்காவிலும் அரசாங்கத்தின் தொழில் பட்டியல் 911 ஊழியர்களைப் போலீஸ், தீயணைப்பு வீரர்களோடு சேர்க்காமல் அலுவலக வேலைக்காரர்களோடுதான் சேர்த்திருக்கிறது. அவர்கள் கேட்பது நியாயம். நம் ஊரில் அவ்வளவுகூட வேண்டாம், ஓவர்டைமுக்கும் சேமநிதி பிடிக்கச் சொல்லுங்கள். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் பிள்ளைகளுக்காவது அது சேரட்டும்.